தென்கோடிக் கொட்டகைகள் – 4: கூடாரத்தை மடக்கிய ஆண்டு

சென்ற வாரம் கதையைத் திருச்சியில் நிறுத்தினோம்.

1905ஆம் ஆண்டு. இலங்கையில் படம் காட்டிவிட்டுத் தமிழகம் வந்திருந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரர், உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றாகிவிட்டது. கையிலிருந்த ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொள்ள ஆள் தேடினார்.

முன்வந்தவர் வியாபாரியும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. தென்னிந்திய ரயில்வேயில் மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்துக்கு வரைபடம் வரைந்துகொண்டிருந்த 22 வயதுக் கோயம்புத்தூர்க்காரர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

விலை 2,250 ரூபாய். அவர் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 90 மாதம். ஏழரை ஆண்டு! சனி பிடித்துவிட்டது என்று உறவுக்காரர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

பெட்டி சொந்தம். படமும் சொந்தம். வாடகை பாக்கி யாருக்கும் இல்லை. அப்படியிருந்தும் ஒன்பது ஆண்டுகள் அவர் ஊர் ஊராக அலைந்தார். 1914இல் திடீரென்று கூடாரத்தை மடக்கிவிட்டுச் செங்கல், சுண்ணாம்பு வாங்கினார்.

ஏன் அலைந்தார்? ஏன் நின்றார்? இந்த வாரம் இந்த இரண்டு கேள்விகள்தான்.

நொடிக்கு ஓர் அடி

முதல் கேள்விக்கு விடை படச்சுருளின் நீளத்தில் இருக்கிறது.

ஓர் அடிச் சுருளில் 16 ஃபிரேம்கள். மௌனப்பட ப்ரொஜெக்டரைக் கையால் சுற்றுபவர் நொடிக்கு ஏறத்தாழ 16 ஃபிரேம்களை ஓட்டுவார். ஆக, நொடிக்கு ஓர் அடி. ஆயிரம் அடிச் சுருள் பதினாறு, பதினேழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெளியே அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் நெருக்கினால் கை கொஞ்சம் வேகமாகச் சுற்றும். படம் இன்னும் சீக்கிரம் முடியும்.

இரண்டு மணி நேரக் காட்சிக்கு 7,200 அடி வேண்டும். அன்றைய படங்களோ பெரும்பாலும் ஐம்பது அடி, நூறு அடி, இருநூறு அடி. ரயில் வருவது, குழந்தை சாப்பிடுவது, குதிரைப் பந்தயம், இயேசுவின் வாழ்க்கை என்று துண்டு துண்டாக. அதே காலத்தில் கூடாரம் போட்டுப் பிழைத்த அப்துல்அலி யூசுஃப்அலி, ஓர் ஆட்டத்துக்கு நாற்பது ஐம்பது படங்களைக் கோர்த்து ஓட்டினார். லண்டனிலிருந்து அடிக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து, துணி வாங்குவதுபோல அளந்து வாங்கினார்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

விலைக்கு வாங்கிய படத்தை ஊர் ஒருமுறை பார்க்கும். ஆச்சரியம் தீராதவர்கள் இரண்டாம் முறை வருவார்கள். மூன்றாம் வாரம் யார் வருவார்? புதுப் படம் போட வேண்டுமென்றால் மறுபடியும் அடிக்கணக்கில் பணம் எண்ணி வைக்க வேண்டும். கப்பலில் வந்து சேர வேண்டும்.

புதுப் படம் வாங்குவதைவிடப் புது ஊர் தேடுவது மலிவு.

கூடாரம் பிறந்தது இந்தக் கணக்கில்தான். கட்டடம் கட்டக் காசில்லாததால் கூடாரம் போட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காசு இருந்தாலும் அன்று கட்டடம் கட்டுவது முட்டாள்தனம். படம் மாறாதபோது பார்ப்பவர்கள் மாற வேண்டும். பார்ப்பவர்கள் மாற வேண்டுமென்றால் கொட்டகை நகர வேண்டும்.

தண்டவாளம் போட்ட ஊர்கள்

வின்சென்ட் எப்படி நகர்ந்தார் என்று பாருங்கள். ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு எந்த ஊருக்கு எந்த வண்டி, எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். கூடாரத் துணி, கம்பங்கள், ப்ரொஜெக்டர், விளக்கு, சுருள் பெட்டிகள், ஆட்கள். மாட்டுவண்டியில் ஏற்றினால் மாதக்கணக்கில் ஆகும் பயணத்தை ரயில் நாள்கணக்கில் முடித்தது. வடக்கே லாகூர், பெஷாவர் வரை போனார். கடல் கடந்து பர்மாவும் போனார்.

மேற்கே மலையாளக் கரைக்கும் ரயிலே வழிகாட்டியது. கோழிக்கோட்டுக்கு ரயில் 1888இலேயே வந்துவிட்டது. 1906இல் கேரளத்தின் முதல் சினிமாக் காட்சி அந்த ஊரில் நடந்தது, நடத்தியவர் வின்சென்ட். மலையாள சினிமா வரலாற்றில் அவரைப் பால் வின்சென்ட் என்று எழுதுவார்கள்.

அங்கிருந்து கதை திருச்சூருக்குப் போகிறது. ஷொர்ணூர்–கொச்சி ரயில்பாதை 1902இல் திருச்சூர் வழியாகத் திறக்கப்பட்டிருந்தது. ஊரில் பூரம் திருவிழா. கூட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, கூட்டம் தானே வந்து குவியும். காட்டூக்காரன் வாருண்ணி ஜோசப் என்ற ஊர்க்காரர் இந்த வித்தையைப் பார்த்தார். கருவியை வாங்கித் தானே படம் காட்ட இறங்கினார். கேரளத்தின் முதல் சினிமாக் கொட்டகைக்காரர் அவர்தான்.

இப்போது நம் பகுதியான தென் திருவிதாங்கூருக்கு வருவோம்.

கிழக்கே திருநெல்வேலிக்கு 1876இல் ரயில் வந்தது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904இல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, நாகர்கோவில் எல்லாம் அந்த ஓட்டைக்குள். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் வர 1918 ஆயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் எப்போது ஓடியது?

1979இல்.

எழுத்துப் பிழை இல்லை. நம் தாத்தாக்கள் ரயில் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ போக வேண்டியிருந்த காலம் எழுபதுகள் வரை நீடித்தது. நம் கடலோரப் பொழியூர்க்காரர்களுக்குக் கடல் இருந்தது, 1860இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இருந்தது, ராஜபாட்டை இருந்தது. தண்டவாளம் மட்டும் இல்லை. கூடாரச் சினிமா தண்டவாளத்தைப் பிடித்துப் போனபோது இந்த மூலை ஏன் காத்திருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

தீ

கூடாரத்துக்கு இன்னோர் எதிரியும் இருந்தது.

1897 மே 4. பாரிஸில் பணக்காரப் பெண்கள் கூடி நடத்திய தருமச் சந்தை. மரச்சட்டமும் துணியும் கொண்டு எழுப்பிய கொட்டகை. ஒரு மூலையில் சினிமா. ப்ரொஜெக்டர் விளக்குக்கு எரிபொருள் ஈதர். விளக்கில் ஈதர் ஊற்றும் நேரத்தில் தீக்குச்சி கிழிக்கப்பட்டது. சில நிமிடங்களில் 126 பேர் செத்தார்கள். பிரபு குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு.

சினிமா பிறந்து ஒன்றரை ஆண்டுகூட நிறையவில்லை. உலகம் முழுக்கக் கொட்டகைக்காரர்களுக்கு அது முதல் எச்சரிக்கை.

படச்சுருளே அன்று நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீரில் போட்டாலும் எரியும் பொருள். அதற்குப் பின்னால் கொதிக்கும் விளக்கு. கையால் சுற்றுபவர் ஒரு கணம் தூங்கி வழிந்து நிறுத்தினால் ஒற்றை ஃபிரேம் விளக்குக்கு நேரே நிற்கும், பிறகு புகை, பிறகு தீ. இதையெல்லாம் மெழுகு பூசிய கூடாரத் துணிக்கும் தென்னங்கீற்றுக்கும் நடுவே செய்துகொண்டிருந்தார்கள்.

மழைக்கும் காற்றுக்கும் தப்பினாலும் விளக்குக்குத் தப்ப முடியாது. இது கொட்டகைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பயம் மட்டும் யாரையும் கட்டடம் கட்ட வைத்துவிடவில்லை. கணக்கு மாற வேண்டியிருந்தது.

தானே வளர்த்த போட்டி

1909இல் வின்சென்ட் சென்னைக்குத் திரும்பினார். எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார். கையோடு இன்னொரு வியாபாரமும் தொடங்கினார்: பாத்தே நிறுவனத்தின் ப்ரொஜெக்டர்களை வரவழைத்து விற்பது.

நல்ல வருமானம். ஆனால் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கவனியுங்கள்.

ஒரு ப்ரொஜெக்டர் விற்றால் ஒரு புதிய கொட்டகைக்காரர் பிறக்கிறார். அவர் மதுரைப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ போய்க் கூடாரம் ஊன்றுவார். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் வின்சென்ட் ஒரு ஊரில் இறங்கினால் படம் என்றால் என்னவென்றே அறியாத கூட்டம் வந்தது. இப்போது அதே ஊருக்குப் போனால், போன மாதம்தான் ஒருவர் வந்து காட்டிவிட்டுப் போனார் என்பார்கள். அந்த ஒருவரின் கருவியை விற்றவர் வின்சென்ட்டாகவே இருப்பார்.

புது ஊர் தேடுவது மலிவு என்றோமே, அது இனி மலிவில்லை. புது ஊர்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

அலைச்சலின் லாபம் குறைந்தது. ஆனால் ஓர் ஊரில் நின்றால் காட்டப் படம் வேண்டுமே? வாரம் தவறாமல் புதுப் படம். விலைக்கு வாங்கினால் ஆறே மாதத்தில் கடன்காரனாகிவிடலாம்.

முன்னால் போனால் நட்டம். நின்றால் இன்னும் நட்டம்.

முடிச்சை அவிழ்த்தவர்கள் கோயம்புத்தூரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை.

பாரிஸில் எடுத்த முடிவு

1907இல் பாத்தே நிறுவனம் பிரான்ஸில் ஓர் அறிவிப்பு விட்டது. இனிமேல் படங்களை விற்கப் போவதில்லை. வாடகைக்கு மட்டுமே தருவோம்.

உலக சினிமாவில் மிகப் பெரிய தயாரிப்பாளர் அன்று பாத்தேதான். கொட்டகைக்காரர்கள் பழைய சுருளைத் தேயத் தேய ஓட்டுவதும், கைமாற்றி விற்பதும், கீறல் விழுந்த படத்தால் கம்பெனியின் பெயர் கெடுவதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தங்கள் லாபத்துக்காகத்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு முடிவு கொட்டகையின் இலக்கணத்தை மாற்றிவிட்டது.

வாடகை என்றால் என்ன அர்த்தம்? படம் வாரா வாரம் மாறலாம். ஓட்டிய படத்தைப் பெட்டியில் போட்டு ரயிலில் திருப்பி அனுப்பலாம். அடுத்த படம் அடுத்த வண்டியில் வரும். ஒரு படத்தின் முழு விலையை ஒரே கொட்டகை சுமக்க வேண்டியதில்லை. பத்து ஊர்க் கொட்டகைகள் பங்கு போட்டுச் சுமக்கும்.

முன்பு படம் நின்றது, கொட்டகை நடந்தது. இனிமேல் படம் நடக்கும், கொட்டகை நிற்கலாம்.

இந்தியாவில் இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் கல்கத்தாவின் ஜே.எஃப். மதன். மைதானத்தில் கூடாரம் போட்டு ஆரம்பித்த பார்சி வியாபாரி. 1907இலேயே எல்ஃபின்ஸ்டன் பிக்சர் பேலஸ் என்ற நிரந்தரக் கொட்டகையைத் திறந்தார். பிறகு ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, பர்மா முதல் இலங்கை வரை பரவிய கொட்டகைச் சங்கிலியாக வளர்ந்தது மதன் கம்பெனி. படத்தைத் தருவதும் அவர்களே, திரையிடுவதும் அவர்களே.

சங்கிலிக்கு வெளியே நிற்கும் ஒற்றைக் கொட்டகைக்காரர் என்ன செய்வார் என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது. அதை நினைவில் வையுங்கள்.

1914

இப்போது தேதிகளை மெதுவாகப் பார்ப்போம்.

1913. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் எலெக்ட்ரிக் தியேட்டர் திறந்தார். அதே ஆண்டு திருச்சூரில் ஜோசப்பின் ஜோஸ் பயாஸ்கோப் மின்சாரத்துக்கு மாறியது. அதே ஆண்டு மே மாதம் பம்பாயில் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது. துண்டுப் படங்களின் காலம் முடிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டிய முழுக்கதையின் காலம் பிறந்தது. உட்கார்ந்து பார்க்க நாற்காலி வேண்டும். நாற்காலிக்குக் கூரை வேண்டும்.

1914. பம்பாயில் யூசுஃப்அலி கூடாரத்தை மடக்கினார். நூறடி நீளம், ஐம்பதடி அகலம், நான்கு கம்பங்களில் நின்று ஆயிரம் பேரை உட்காரவைத்த கூடாரம் அது. சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா, பர்மா, இலங்கை, பிறகு இந்திய ஊர்கள் என்று பதின்மூன்று ஆண்டுகள் சுற்றியது. ஆர்தேஷிர் இரானியுடன் கூட்டுச் சேர்ந்து அலெக்சாண்ட்ரா தியேட்டரை எடுத்துக்கொண்டார். இந்த இரானிதான் 1931இல் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை எடுத்தவர்.

அதே 1914. சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைத் திறந்தார். ஸ்டுடியோவை அடகு வைத்து 30,000 ரூபாய்க்கு க்ரோனோமெகாஃபோன் கருவி வாங்கி, பெங்களூர், இலங்கை, ரங்கூன் என்று அலைந்த புகைப்படக்காரர் அவர். சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் கொட்டகை கெயிட்டி. கிரௌன், குளோப் அடுத்தடுத்து வந்தன.

அதே 1914. கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டினார்.

மூன்று பேர். மூன்று ஊர். கடல் கடந்தும் மலை கடந்தும் கூடாரம் சுமந்தவர்கள். பேசி வைத்துக்கொண்டவர்கள் இல்லை. மூவரும் ஒரே ஆண்டில் நின்றார்கள். மூவரின் கணக்கையும் மாற்றியதில் பாத்தே கையிலெடுத்த வாடகை முறைக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும்.

பகலில் மில், இரவில் படம்

மூவரிலும் வின்சென்ட்டின் துணிச்சல் தனி. மற்ற இருவரும் இருந்தது பம்பாயிலும் சென்னையிலும், மாநகரங்கள். படம் இறங்கும் துறைமுகங்களே அங்கேதான். வின்சென்ட் தேர்ந்தெடுத்தது சொந்த ஊர். பஞ்சாலை நகரமாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு மாவட்டத் தலைநகர்.

மாநகரம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் வீண் என்பது சீக்கிரமே தெரிந்தது. சென்னையின் எலெக்ட்ரிக் தியேட்டர் 1915இலேயே மூடப்பட்டது. தபால் இலாகா அதை வாங்கிக்கொண்டது. அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்தில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

மாநகரத்துக் கொட்டகை இரண்டே ஆண்டில் படுத்தது. கோயம்புத்தூர்க் கொட்டகை எப்படித் தாக்குப்பிடித்தது?

விடை திரைக்கு முன்னால் இல்லை; கட்டடத்தின் பின்னால் ஓடிய எஞ்சினில் இருந்தது.

அன்று கோயம்புத்தூரில் பொது மின்சாரம் கிடையாது. பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வர 1930கள் ஆக வேண்டும். கொட்டகைக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொட்டகைக்காரரே உண்டாக்க வேண்டும். வின்சென்ட் எஞ்சின் வைத்தார். எஞ்சின் விலை பெரிது. ஆனால் அதற்கு வேலை மாலையில் சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் இயந்திரம் முதலாளியைத் தின்னும்.

அவர் என்ன செய்தார்? அதே மின்சாரத்தில் அச்சகம் ஓட்டினார். அரவை மில் ஓட்டினார். பகலில் ஊருக்கு அச்சடித்துக் கொடுத்தார், தானியம் அரைத்துக் கொடுத்தார். மாலையானதும் மின்சாரம் ப்ரொஜெக்டருக்குப் போனது. கொட்டகையின் நோட்டீசையும் சொந்த அச்சகத்திலேயே அடித்துக்கொள்ளலாம்.

படம் நன்றாக ஓடாத வாரம் மில் காப்பாற்றும். மில்லுக்கு ஆள் வராத மாதம் படம் காப்பாற்றும். சங்கிலிக்கு வெளியே நிற்கும் ஒற்றைக் கொட்டகைக்காரரின் முதல் பாடம் இது: கொட்டகையை மட்டும் நம்பிக் கொட்டகை நடத்தாதே. இன்றும் சிறு ஊர்களில் தியேட்டர்காரர்கள் கல்யாண மண்டபமும் கடை வரிசையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த வழியில் நூறாண்டுக்கு முன்பே நடந்தவர் வின்சென்ட்.

அன்றைய காட்சிகளில் படத்துக்கு நடுவே மேடையில் நடனம், மல்யுத்தம் என்று நேரடி நிகழ்ச்சிகளும் உண்டு. சுருள் மாற்றும் இடைவெளியில் கூட்டம் எழுந்து போகாமல் பிடித்துவைக்க வேண்டுமே.

ஆகஸ்ட்

கட்டடம் எழுந்த ஆண்டிலேயே இடி விழுந்தது.

1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. இந்தியக் கொட்டகைகளுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த பிரான்ஸ் போர்க்களமானது. தயாரிப்பு சரிந்தது. கப்பல் போக்குவரத்து நிச்சயமில்லாமல் போனது. படம் நடக்கும் என்ற நம்பிக்கையில்தானே கொட்டகை நின்றது? படமே வராவிட்டால்?

கூடாரமாக இருந்தால் மடக்கிக்கொண்டு வேறு தொழிலுக்குப் போகலாம். செங்கலை மடக்க முடியாது.

காப்பாற்றியது அமெரிக்கா. போரிலிருந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒதுங்கியிருந்த அந்த நாட்டின் படங்கள் ஐரோப்பியப் படங்கள் விட்ட இடத்தை நிரப்பின. 1916இல் யூனிவர்சல் கம்பெனி இந்தியாவில் தன் அலுவலகத்தைத் திறந்தது. அவர்கள் கொண்டுவந்தவற்றில் கொட்டகைக்காரர்களுக்குப் பொன் முட்டையாக அமைந்தது ஒரு சரக்கு: சீரியல்.

கதாநாயகி மலை விளிம்பில் தொங்குவாள். கதாநாயகன் ஓடும் ரயிலின் கூரையில் நிற்பான். சுரங்கம் வரும். படம் நின்றுவிடும். மீதி அடுத்த வாரம். எட்டி போலோ என்ற சண்டை நடிகர் தமிழ்நாட்டுச் சிறுவர்களின் வாயில் நுழைந்த பெயரானது இப்படித்தான்.

கொட்டகை நடந்த காலத்தில் ஓர் ஊருக்கு ஒருமுறை கூட்டம் வந்தால் போதும். கொட்டகை நின்ற காலத்தில் அதே கூட்டம் திரும்பத் திரும்ப வர வேண்டும். தொடர்கதை அதற்கென்றே செய்த சரக்கு. வாரப் பத்திரிகையில் தொடர் எழுதுகிறவனுக்கு இதைப் பற்றி மேலும் விளக்கம் சொல்ல நாக்கு வராது.

போர் முடிந்த 1918இல் இந்திய சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்தது. கொட்டகைக்கு லைசென்ஸ் கட்டாயம். தீத்தடுப்பு கட்டாயம். படத்துக்குச் சான்றிதழ் கட்டாயம். விருப்பம்போல் கூடாரம் ஊன்றிய காலம் சட்டப்படி முடிந்தது. மாவட்ட அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் விளக்கு எரியும்.

வின்சென்ட் தப்பினார், வளர்ந்தார். 1933இல் பயோனியர் ஃபிலிம் கம்பெனியோடு சேர்ந்து டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' பேசும்படத்தைத் தயாரித்தார். கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1942 ஏப்ரலில் காலமானார். வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது. ஆனால் கோயம்புத்தூரில் சாலைக்கும் காவல் நிலையத்துக்கும் இன்றுவரை வெரைட்டி ஹால் என்றுதான் பெயர்.

ரயில் நின்ற இடம்

மறுபடியும் நம் மூலைக்கு வருவோம்.

வாடகைப் படம் ரயிலில் வரும். ரயில் நிற்கும் இடத்தில் கொட்டகை நிற்கும். 1918இல் ரயில் திருவனந்தபுரத்தோடு நின்றுவிட்டது. ஆகவே தென் திருவிதாங்கூரின் சினிமா ஆசையெல்லாம் அந்த நகரத்தை நோக்கிப் போயிற்று. அங்கே கேப்பிடல் என்ற கொட்டகை இருந்தது.

அந்த ஆசையோடு போனவர்களில் அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டானியேலும் ஒருவர். களரிப் பயிற்சியில் தேர்ந்தவர். குடும்பச் சொத்தை விற்றார். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோ தொடங்கினார். தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்து 'விகதகுமாரன்' எடுத்தார். மலையாளத்தின் முதல் படம். பிரபல வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கி வைக்க, கேப்பிடலில் திரையேறியது.

படத்தில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி. தலித் பெண். திரையில் அவரைக் கண்டதும் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. கொட்டகையின் திரை கிழிந்தது.

ஸ்டுடியோ டானியேலுடையது. கேமரா டானியேலுடையது. படம் டானியேலுடையது. கிழிந்த திரை மட்டும் வேறொருவருடையது.

வின்சென்ட் முதலில் கொட்டகை கட்டினார். அதற்குப் பிறகுதான் படம் எடுத்தார். டானியேல் படம் எடுத்தார். காட்டுவதற்குச் சொந்தமாக ஒரு கொட்டகை இல்லை. ஒருவர் சென்ட்ரல் ஸ்டுடியோ வரை வளர்ந்ததற்கும் மற்றவர் பாளையங்கோட்டைப் பக்கம் பல் மருத்துவம் பார்த்துப் பிழைக்க நேர்ந்ததற்கும் இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு தூரம் காரணம்? கல் விழுந்த அந்த நேரத்தில், நாளைக்கும் அதே கூட்டத்துக்கு டிக்கெட் விற்க வேண்டிய ஒரு கொட்டகைக்காரர் யார் பக்கம் நிற்பார்?

நீங்கள் கொட்டகைக்காரராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அடுத்த வாரத்துக்குள் யோசித்து வையுங்கள். கேப்பிடலுக்குள் நுழைவோம்.

(தொடரும்)